சின்ன லோடு வண்டிக்கு எந்த பிஎம்எஸ்? தர்மபுரி, கிருஷ்ணகிரி மேட்டுப் பாதைகளை வைத்து ஓர் ஒப்பீடு

லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் செல் விலையைத்தான் முதலில் விசாரிப்பார்கள். பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, எல்லை தாண்டினால் கரண்ட்டை நிறுத்தும் பேட்டரி மேலாண்மைப் போர்டு) பேச்சு கடைசியில், "அதுவும் ஒண்ணு போட்டுடுங்க" என்ற அளவில் முடிந்துவிடும். பிறகு ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகையில் மேட்டில் வண்டி பொசுக்கென்று நின்றால், திட்டு வாங்குவது செல். பெரும்பாலும் செல்லில் கோளாறு இருக்காது. கரண்ட்டை நிறுத்தியது பிஎம்எஸ்.

கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: சாதா போர்டு, புளூடூத் உள்ள ஸ்மார்ட் போர்டு, கான்டாக்டரை (பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ரிலே சுவிட்ச்) இயக்கும் பிஎம்எஸ், உள்ளேயே பிஎம்எஸ் வைத்துச் சீல் செய்த ரெடிமேட் பேக். எது நல்லது என்பது வண்டி ஓடும் பாதையைப் பொறுத்தது. சமவெளியில் மாட்டுத் தீவனம் ஏற்றும் வண்டிக்குச் சரியாக இருப்பது வத்தல்மலை ஏறி இறங்கும் வண்டிக்கு ஆகாது.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 48 வோல்ட் மூன்று சக்கர சரக்கு வண்டி, 1.5 கிலோவாட் மோட்டார், பேட்டரிப் பக்கம் 60 ஆம்பியர் வரை இழுக்கும் கன்ட்ரோலர் (மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து தரும் பெட்டி). பேக்கில் 105 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 16, தொடராக. அதாவது 51.2 வோல்ட், ஏறத்தாழ 5.4 யூனிட். வண்டி, ஓட்டுபவர், சரக்கு எல்லாம் சேர்ந்து 900 கிலோ.

இதற்கு முன் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பெனி விற்ற, நம்பர் பிளேட் உள்ள மின்சார வண்டியின் பேட்டரி ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்பு விதிப்படி சான்று பெற்றது. அந்த விதியின் கடுமையான திருத்தம் 2022 டிசம்பர் 1-லும் 2023 மார்ச் 31-லும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அந்தப் பேக்கைத் திறந்து வேறு பிஎம்எஸ் வைத்தால் வாரண்டி போவதோடு சான்றும் செல்லாது. பதிவான வண்டியில் இப்படி மாற்றம் செய்ய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆர்டிஓ ஆபீஸில் கேட்காமல் கை வைக்க வேண்டாம். தனியாகப் பிஎம்எஸ் வாங்கி மாட்டுவது பற்றிக் கீழே வருவதெல்லாம் தோட்டம், பண்ணை, குவாரி வளாகம், கிடங்கு இவற்றுக்குள் ஓடும் வண்டிகளுக்கும், முறையாக அனுமதி வாங்கி மாற்றுபவர்களுக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

மேட்டில் தொடர்ந்து இழுக்கும் கரண்ட். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் மேட்டில் 900 கிலோ வண்டி 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறச் சுமார் 46 ஆம்பியர் வேண்டும். 13 கிலோமீட்டர் வேகம் என்றால் 60. அதற்கு மேல் கன்ட்ரோலரே தராது. இரண்டு கிலோமீட்டர் மேடு என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இந்தக் கரண்ட் விடாமல் ஓடும். போர்டில் '100 ஏ' என்று அச்சடித்திருப்பது எந்தச் சூட்டில், எத்தனை நிமிடத்துக்கு என்பதுதான் கேள்வி. போர்டின் பாதையில் 1.5 மில்லிஓம் தடை இருந்தால் 60 ஆம்பியரில் 5.4 வாட் சூடாகும். மட்டமான போர்டில் 3 மில்லிஓம் என்றால் 10.8 வாட். வெளியே 39 டிகிரி சித்திரை வெயில், டெக்குக்குக் கீழே காற்றுப் புகாத இரும்புப் பெட்டி. உள்ளே அந்தச் சூடு வெளியேற வழியே இருக்காது.

கன்ட்ரோலர் ஸ்டிக்கரில் 120 ஆம்பியர் என்று இருந்தால் பதறவும் வேண்டாம், அதைப் பார்த்துப் பிஎம்எஸ் வாங்கவும் வேண்டாம். அது பெரும்பாலும் மோட்டாருக்குப் போகும் ஃபேஸ் கரண்ட். பிஎம்எஸ்ஸுக்கு வேண்டியது பேட்டரிப் பக்கக் கரண்ட். அது பாதியாகக்கூட இருக்கும். கிளாம்ப் மீட்டரை டிசி-யில் வைத்துப் பேட்டரி வயரில் மாட்டி, லோடோடு ஒரு மேடு ஏற்றிப் பாருங்கள்.

கட் ஆகும் விதம். ஏதாவது ஒரு செல் எல்லை தாண்டினால் பிஎம்எஸ் கரண்ட்டை நிறுத்தும். அது அதன் வேலை. முன்கூட்டியே எச்சரித்து நிறுத்துகிறதா, ஒரே வெட்டாக வெட்டுகிறதா, வெட்டிய பிறகு ஏன் என்று சொல்லுமா என்பதைக் கேளுங்கள்.

இறக்கத்தில் திரும்பி வரும் கரண்ட். மலைப்பாதைக்காரர்கள் இதை விட்டுவிடக் கூடாது. மேலே ஒரு வீட்டில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு காலையில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே ரீஜென் பிரேக் (இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடிப்பது) அனுப்பும் கரண்ட் நிறைந்த செல்களை 3.65 வோல்ட்டுக்கு மேலே தள்ளும். பிஎம்எஸ் சார்ஜ் பாதையை மூடிவிடும். அந்த நொடியில் இரண்டு விஷயம் நடக்கும்: கையில் இருந்த பிரேக் இழுப்பு காணாமல் போகும், போக இடமில்லாத கரண்ட் கன்ட்ரோலரின் கப்பாசிட்டரில் வோல்டேஜை ஏற்றிவிடும். 60-63 வோல்ட் கப்பாசிட்டர் வைத்த மலிவு கன்ட்ரோலர் அங்கேயே போய்விடும். 600 மீட்டர் உயரம் இறங்கும் 600 கிலோ வண்டியில் பாதியளவு ஆற்றல் திரும்பினாலே சுமார் 10 ஏஹெச் வரும். மேலிருந்து கிளம்பும்போது பேக்கில் 15 சதவீதமாவது இடம் வேண்டும்.

பேலன்ஸ். 16 செல்லும் சமமாக நிறைய வேண்டும். ஒரு செல் 5 சதவீதம் பின்தங்கினால் சரிசெய்ய வேண்டியது 5.25 ஏஹெச். பாசிவ் பேலன்ஸ் (நிறைந்த செல்லின் மிகுதியைச் சூடாகக் கழித்துவிடுவது) 60 மில்லிஆம்பியர்தான். அதுவும் சார்ஜின் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் நடக்கும் என்றால் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஒரு ஆம்பியர் ஆக்டிவ் பேலன்ஸ் (மிகுதியைத் தாழ்ந்த செல்லுக்கு மாற்றுவது) அதே ஒரு மணி நேரத்தில் வேலை செய்தால் ஒரு வாரத்தில் முடியும். புதிதாக, ஒரே லாட்டில் வாங்கிய செல்லுக்குப் பாசிவ் போதும். பழைய பேக்கிலிருந்து பொறுக்கிச் சேர்த்த செல் என்றால் ஆக்டிவ் இல்லாமல் தொடாதீர்கள்.

நிற்கும்போது குடிக்கும் கரண்ட். மாங்காய் சீசன் முடிந்ததும் வண்டியைக் கொட்டகையில் போட்டுவிடுபவர்கள் இங்கே நிறையப் பேர். இதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

குளிரில் செல்லைச் சூடாக்கும் ஹீட்டர் வசதிக்குக் காசு கொடுக்க வேண்டாம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிர்கூட அந்தப் பக்கம் போகாது.

## சாதா போர்டு

செல் வோல்டேஜ், கரண்ட், ஷார்ட் சர்க்யூட் மூன்றையும் நிலையான எல்லையில் பார்க்கும் போர்டு. ஆப் கிடையாது, செட்டிங் கிடையாது. விலை மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு, நிற்கும்போது குடிக்கும் கரண்ட்டும் மிகக் குறைவு. எல்லை எல்லாம் தொழிற்சாலையில் வைத்தது. சிலவற்றில் வெப்ப சென்சரே இருக்காது.

வாங்கும்போது காமன் போர்ட்டா, செபரேட் போர்ட்டா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். காமன் போர்ட்டில் சார்ஜருக்கும் வண்டிக்கும் ஒரே மைனஸ். செபரேட் போர்ட்டில் சார்ஜருக்கு ஒரு மைனஸ், வண்டிக்கு வேறு மைனஸ். வண்டி மைனஸ் வழியாகத் திரும்பும் ரீஜென் கரண்ட்டைத் தடுக்க அந்தப் பாதையில் சார்ஜை நிறுத்தும் மாஸ்ஃபெட்டே (மின்னணு சுவிட்ச்) கிடையாது. செல் நிறைந்து வழிந்தாலும் போர்டு பார்த்துக்கொண்டிருக்கும். ரீஜென் உள்ள வண்டிக்குச் செபரேட் போர்ட் போர்டை மாட்டுவது தவறு. விலை குறைகிறதே என்று நினைக்க இடமில்லை.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். வண்டி நின்றால் காரணம் தெரியாது. மல்டிமீட்டரை எடுத்து 16 செல்லையும் ஒவ்வொன்றாக அளந்தால்தான் எது தாழ்ந்தது என்று தெரியும். அதற்குப் பேக்கைத் திறக்க வேண்டும். சரக்கோடு சாலையில் நிற்கும்போது அது நடக்கிற காரியமில்லை.

சமதரை, ரீஜென் இல்லாத கன்ட்ரோலர், புது செல், ஒரு நாளைக்கு ஒரே நடை. இந்த நான்கும் இருந்தால் 150 ஆம்பியர் எழுதிய சாதா போர்டு போதும். 100 எழுதியதை 60 ஆம்பியர் கன்ட்ரோலருக்குப் போடுவது இந்த வகையில் சரிவராது. அச்சடித்த எண்ணில் பாதிக்கும் சற்றுக் குறைவாக நம்புவதே பழக்கம்.

## ஸ்மார்ட் போர்டு

டேலி, ஜேபிடி, ஜேகே, ஆண்ட் என்று நம் ஊரில் புழங்குபவை எல்லாம் இதில் வரும். கரண்ட்டை நிறுத்துவது இதிலும் மாஸ்ஃபெட்தான். வித்தியாசம், ஒவ்வொரு செல் வோல்டேஜும் போனில் தெரியும். எல்லைகளை நாமே வைக்கலாம். எதனால் கட் ஆனது என்று பதிவாகும். ஜேகே வகையில் மாடலைப் பொறுத்து 0.4 முதல் 2 ஆம்பியர் வரை ஆக்டிவ் பேலன்ஸ் உண்டு.

எங்கள் முடிவை முன்பே சொல்லிவிடலாம்: மேலே சொன்ன வண்டிக்கு 150 ஆம்பியர் காமன் போர்ட் ஸ்மார்ட் போர்டு, ஆக்டிவ் பேலன்ஸோடு. 100 ஆம்பியர் மாடலும் ஓடும். ஆனால் விலை வித்தியாசம் குறைவு, சூடு வித்தியாசம் அதிகம்.

ஆனால் செட்டிங் தெரியாதவர் கையில் ஸ்மார்ட் போர்டு சாதா போர்டைவிட மோசம். சில இடங்களில் வழக்கமாக இடறுவார்கள்.

பேலன்ஸ் தொடங்கும் வோல்டேஜை 3.2 என்று வைத்துவிடுவது முதல் தவறு. எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் நடுவில் கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். அங்கே இரண்டு செல்லுக்கு இடையே தெரியும் பத்து மில்லிவோல்ட் வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. அதை நம்பி ஆக்டிவ் பேலன்சர் நாள் முழுக்கக் கரண்ட்டைத் தவறான செல்லுக்கு மாற்றிக்கொண்டிருக்கும். 3.42 வோல்ட்டுக்கு மேல் மட்டும் பேலன்ஸ் என்று வையுங்கள்.

சார்ஜ் ஓவர் கரண்ட் எல்லையைச் சார்ஜருக்கு ஏற்றபடி 25 ஆம்பியர் என்று வைப்பது அடுத்தது. சார்ஜர் 20 ஆம்பியர்தான், சரி. ஆனால் ரீஜென் சில விநாடிகளுக்கு 30-35 தொடும். இறக்கத்தில் கட் ஆகும். 50 வையுங்கள், 105 ஏஹெச் செல்லுக்கு அது தாங்கும்.

கடவுச்சொல்லும் அப்படித்தான். தொழிற்சாலையில் வைத்தது எல்லோருக்கும் தெரிந்தது. மண்டியில் பக்கத்து வண்டிக்காரர் விளையாட்டாக உங்கள் டிஸ்சார்ஜை அணைத்துவிட முடியும். மாட்டிய அன்றே மாற்றுங்கள்.

சதவீதம் தவறாகக் காட்டுகிறதே என்ற புகார் அடிக்கடி வரும். பிஎம்எஸ் கரண்ட்டைக் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் சொல்கிறது. சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறையாவது முழுச் சார்ஜ் கொடுத்தால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

## கான்டாக்டர் வகை

இதில் பிஎம்எஸ் மூளை மட்டும். கரண்ட்டை நிறுத்துவது தனி டிசி கான்டாக்டர். ஓரியன் ஜூனியர் 2 போன்றவை 16 செல் வரை பார்க்கும், கேன் (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் தகவல் இணைப்பு) வழியாகக் கன்ட்ரோலரோடும் சார்ஜரோடும் பேசும். செல் தாழத் தொடங்கியதும் கன்ட்ரோலரிடம் இழுப்பைக் குறைக்கச் சொல்லும். செல் நிறைந்திருந்தால் ரீஜெனைக் குறைக்கச் சொல்லும். நிறைந்த பேக்கோடு மலை இறங்கும் சிக்கலுக்கு ஒழுங்கான தீர்வு இதுதான்; மற்றவை எல்லாம் ஓட்டுபவரின் ஒழுக்கத்தை நம்பியவை.

அந்தப் பலன் கிடைக்கக் கன்ட்ரோலருக்கும் கேன் தெரிய வேண்டும். இ-ரிக்‌ஷா ரக மலிவு கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஆக பிஎம்எஸ் விலையோடு கன்ட்ரோலர், கான்டாக்டர், பிரீசார்ஜ் (கன்ட்ரோலர் கப்பாசிட்டரை முன்கூட்டி மெதுவாக நிரப்பும் ஏற்பாடு), லேப்டாப்பில் புரோகிராம் செய்யத் தெரிந்த ஆள் எல்லாம் சேரும். மொத்தம் ஸ்மார்ட் போர்டின் பல மடங்கு. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம். அரூர்க்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தாலே ஒரு நாள் போய்விடும்.

இங்கே ஆபத்தான சிக்கனம் ஒன்று உண்டு: போர்வெல் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருக்கும் ஏசி கான்டாக்டரை மாட்டிவிடுவது. ஏசி கரண்ட் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் தீப்பொறி தானே அணையும். டிசி தொடாது. லோடில் திறக்கும்போது முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், பிஎம்எஸ் எத்தனை முறை கட் சொன்னாலும் வண்டி கேட்காது.

பிரீசார்ஜ் இல்லாமல் கான்டாக்டரை மூடினாலும் அதே ஒட்டுதல் நடக்கும். கன்ட்ரோலரில் 2000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் என்றால் 100 ஓம் 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் வழியாக ஒரு விநாடி கரண்ட் விட்டுப் பிறகு கான்டாக்டரை மூட வேண்டும். (ஸ்மார்ட் போர்டு வைத்திருப்பவர்களில் சாவி போட்டதும் 'ஷார்ட் சர்க்யூட்' என்று காட்டிக் கட் ஆகிறது என்பவர்களுக்கும் இதுதான் மருந்து.)

## ரெடிமேட் பேக்

51.2 வோல்ட், 100 அல்லது 105 ஏஹெச் என்று சீல் செய்த பேக்காக வரும். தண்ணீர், தூசிக்கு இதுதான் கெட்டி. தக்காளி ஏற்றும் வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல: நசுங்கிய தக்காளியின் சாறு கிரேட்டிலிருந்து டெக் இடுக்கில் இறங்கிப் பெட்டிமேல் சொட்டும். அது புளிப்பு, கரண்ட்டையும் கடத்தும். செல் வோல்டேஜை அளக்கும் சென்சிங் பின்களுக்கு இடையே அது காய்ந்தால் பச்சை பூத்து, பிஎம்எஸ் இல்லாத வோல்டேஜைப் படிக்கத் தொடங்கும்.

வாங்கும்முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: தொடர் டிஸ்சார்ஜ் கரண்ட் எவ்வளவு, எத்தனை டிகிரி வரை, ரீஜென் ஏற்குமா, எத்தனை ஆம்பியர், 15 செல்லா 16 செல்லா, வாரண்டியில் பேக்கை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொடர் கரண்ட் 50 என்றிருக்கும் பேக்கை 60 ஆம்பியர் கன்ட்ரோலரோடு மாட்டினால் ஒவ்வொரு மேட்டிலும் நிற்கும். உள்ளே போய் மாற்ற முடியாது. ஒரு செல் போனாலும் பேக் முழுவதும் கடைக்குப் போகும், அதுவரை வண்டி சும்மா நிற்கும்.

| | சாதா போர்டு | ஸ்மார்ட் போர்டு | கான்டாக்டர் வகை | ரெடிமேட் பேக் |
|---|---|---|---|---|
| நீள மேடு | இரு மடங்குக்கு மேல் எண் வேண்டும் | 150 ஏ மாடல் தாங்கும் | கவலையில்லை | பேக்கில் எழுதிய எல்லை வரை |
| கட் ஆகும் விதம் | எச்சரிக்கை இல்லை | போனில் முன்பே தெரியும், கட் திடீர்தான் | இழுப்பைக் குறைத்த பின் | கம்பெனி வைத்தபடி |
| நிறைந்த பேக்கோடு இறக்கம் | ஆகாது | 85 சதவீதத்தில் கிளம்பினால் சரி | கேன் கன்ட்ரோலர் இருந்தால் சரி | கேட்டு உறுதி செய்ய வேண்டும் |
| பழைய செல் | ஆகாது | ஆக்டிவ் என்றால் ஆகும் | பாசிவ் மெதுவாகச் செய்யும் | பொருந்தாது |
| மறைந்த செலவு | கோளாறு தேடும் நேரம் | தவறான செட்டிங் | கன்ட்ரோலர், ஆள் | வண்டி நிற்கும் நாட்கள் |

## மாட்டும்போது கெடுவது

போர்டு எரிந்துபோவது ஓட்டத்தில் குறைவு, மாட்டும் மேசையில் அதிகம். சென்சிங் வயர்களைச் செல்லில் பொருத்திய பிறகு, கனெக்டரைப் போர்டில் செருகும் முன், கறுப்பு வயரிலிருந்து ஒவ்வொரு பின்னாக அளந்து வாருங்கள். 3.3, 6.6, 9.9 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு இடத்தில் ஏறாமல் நின்றாலோ இரண்டு படி தாவினாலோ வயர் மாறியிருக்கிறது. செல்லின் பேட்டரி மைனஸைப் போர்டில் முதலில் இறுக்கி, கனெக்டரைக் கடைசியில் செருகுங்கள். கழற்றும்போது தலைகீழ்.

12 வோல்ட் கன்வெர்ட்டரின் மைனஸும் ஹாரன், விளக்கின் மைனஸும் போர்டின் வெளிப்பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். செல் பக்கத்து மைனஸில் மாட்டினால் பிஎம்எஸ் கட் செய்த பிறகும் அந்தக் கன்வெர்ட்டர் பேக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சேஸிஸ் இரண்டு மைனஸிலும் பட்டுவிட்டால் பிஎம்எஸ் இருந்தும் இல்லாததுபோல்.

மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் கெடும், திறந்து நிற்காது. ஆகவே எந்த வகை வாங்கினாலும் பேக்கின் பிளஸ்ஸில் ஒரு ஃபியூஸ் வேண்டும். கார் ஆடியோ கடையில் கிடைக்கும் தட்டை ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது. 58 வோல்ட்டில் உருகினாலும் தீப்பொறி அணையாமல் எரியும். 80 வோல்ட் டிசி அல்லது அதற்கு மேல் எழுதியது, 100 ஆம்பியர். வயர் 25 சதுர மில்லிமீட்டர். வயர் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியால் நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரில் போடுங்கள்.

பழைய லெட் ஆசிட் சார்ஜரை வைத்து ஓட்டிவிடலாம் என்பார்கள். அது 59 வோல்ட் வரை போனால் செல்லுக்கு 3.69, தினமும் பிஎம்எஸ்தான் சார்ஜை வெட்டி நிறுத்தும். அவசரத்துக்கு இருக்கும் காவலை அன்றாட சுவிட்சாக்கினால் அது கெடுகிற நாளில் செல்லும் கெடும். 56.8 வோல்ட் எல்எஃப்பி சார்ஜர் வாங்குங்கள். கீழ்ப்பக்கமும் இதே முறைதான்: கன்ட்ரோலரின் கட் 46 வோல்ட், பிஎம்எஸ் செல் எல்லை 2.6. கன்ட்ரோலர் முதலில் வண்டியைத் தளர்த்தும். பிஎம்எஸ் வரை போகாது. மேல் எல்லை 3.65, சார்ஜில் 50 டிகிரி, ஓட்டத்தில் 60 டிகிரி.

## சீசன் முடிந்து நிற்கும் வண்டி

புளூடூத் விழித்திருக்கும் ஸ்மார்ட் போர்டு 15 மில்லிஆம்பியர் குடிக்கிறது என்று வைத்தால் மாதத்துக்குச் சுமார் 11 ஏஹெச். பாதிச் சார்ஜோடு நிறுத்தினால் நான்கு மாதத்தைத் தாண்டும். சீசன் கடைசி நடையில் கட் ஆகும் வரை ஓட்டி அப்படியே நிறுத்தினால் பேக்கில் மிச்சம் 4 ஏஹெச்தான். பதினோரு நாளில் செல் தரைதட்டும். 2 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த எல்எஃப்பி செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்திருக்கும். அதை மறுபடி சார்ஜ் ஏற்றுவது உள்ளே ஷார்ட் ஆகும் வழி. அதைப் பேக்கிலிருந்து எடுத்துவிடத்தான் வேண்டும்.

50-60 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஸ்மார்ட் போர்டில் பவர் ஆஃப் வோல்டேஜை 2.5-க்கு வைத்தால் அதற்குக் கீழே போர்டு தானே தூங்கிவிடும். கன்ட்ரோலர், கன்வெர்ட்டர் இரண்டையும் பிரிக்கும் டிசி எம்சிபி ஒன்றை அணைத்து வையுங்கள்; அதில் பிளஸ், மைனஸ் குறி இருந்தால் அதன்படியே மாட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆப்பைத் திறந்து பாருங்கள். எல்லாச் செல்லும் ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் 30-40 மில்லிவோல்ட் தாழ்ந்திருந்தால், முதலில் அந்தச் செல்லின் சென்சிங் வயர் லக்கை இறுக்கிவிட்டு மறுபடி அளங்கள். அப்படியும் தாழ்ந்தே இருந்தால் அடுத்த சீசனுக்கு முன் அந்தச் செல்லை மாற்ற ஆள் பாருங்கள்.